குதிரைக்காகப் போட்ட சாலை

அமெரிக்கா போய் வந்தவர்கள் வானளாவிய கட்டடங்களைப் பற்றி எழுதுவார்கள். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதுவார்கள். ஓய்வு பெற்ற மறு ஆண்டில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்பிய என்னிடம், நம் கல்லூரி மலருக்கு ஒரு பயணக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது மலர்க் குழுவினரும் அப்படி ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நானோ ஒரு குதிரை வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். கடல் கடந்து போய்க் குதிரை வண்டியா என்று சிரிக்க வேண்டாம். ஒரு மணி நேரமே நீடித்த அந்தப் பயணம், இந்தக் கல்லூரியில் நான் மாணவனாகச் சேர்ந்த நாளில் செய்த ஒரு காரியத்தை நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அதையும் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது.

தீவும் பூங்காவும்

என் மகள் இருப்பது பாஸ்டன் நகருக்கு அருகில். அங்கிருந்து வடகிழக்கே காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் போனால், மெய்ன் மாநிலக் கடற்கரையை ஒட்டி மவுண்ட் டெசர்ட் என்னும் தீவு வருகிறது. 1604-ஆம் ஆண்டு அவ்வழியே கலத்தில் வந்த சாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர், மரமற்று மொட்டையாக நின்ற மலையுச்சிகளைப் பார்த்து இட்ட பெயர் அது. அவர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே வாபனாக்கி மக்கள் அங்கே மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்திருக்கிறார்கள். பெயர் சூட்டும் உரிமை மட்டும் பின்னால் வந்தவருக்குக் கிடைத்தது! வரலாற்றில் இது புதிதல்லவே.

இத்தீவின் கணிசமான பகுதிதான் அக்கேடியா தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் நம் நகராட்சிப் பூங்காவை எண்ணிக்கொள்ளக் கூடாது. மலைகள், ஏரிகள், ஊசியிலைக் காடுகள், அலை மோதும் இளஞ்சிவப்புக் கருங்கற் பாறைகள் எல்லாம் சேர்ந்த பெருநிலம் அது. மலையும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. தீவின் உயர்ந்த சிகரமான கேடிலாக் மலை 1,530 அடிதான். நம் கொடைக்கானலோடு ஒப்பிட்டால் அது ஒரு குன்று. ஆனால் கடல் மட்டத்திலிருந்தே நிமிர்ந்து நிற்பதால் அதன் கம்பீரம் பெரிதாகத் தெரிகிறது.

இந்தப் பூங்கா உருவான கதை சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருநகரச் செல்வர்கள் கோடையைக் கழிக்க இங்கே மாளிகைகள் கட்டினார்கள். மரம் அறுக்கும் இயந்திரங்கள் காட்டைத் தின்றுவிடுமோ என்ற கவலை அவர்களில் சிலருக்கு எழுந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த சார்லஸ் எலியட், ஜார்ஜ் டார் முதலியோர் 1901-ல் ஓர் அறக்கட்டளை அமைத்து நிலங்களை வாங்கவும் நன்கொடையாகப் பெறவும் தொடங்கினர். அந்த நிலம் 1916-ல் அரசின் பாதுகாப்புக்குள் வந்தது. 1919-ல் லாபயெட் தேசியப் பூங்கா ஆயிற்று. 1929-ல் அக்கேடியா என்று பெயர் மாறியது. டார் தம் வாழ்நாளையும் செல்வத்தையும் இதற்கே செலவிட்டு, 1944-ல் கண்பார்வை ஏறக்குறைய மங்கிய நிலையில் மறைந்தார். அரசாங்கம் விலை கொடுத்து வாங்கிய காடல்ல, தனி மனிதர்கள் தானமாகக் கொடுத்த காடு என்பதுதான் இதன் பெருமை.

எண்ணெய்ச் செல்வரும் எண்ணெய் வேண்டாத சாலையும்

கொடுத்தவர்களில் பெரியவர் இளைய ராக்பெல்லர். அவர் தந்தை மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் உலகை வளைத்த ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை நிறுவியவர். மகனோ குதிரைப் பிரியர். சாலை போடும் கலையைத் தந்தையின் பண்ணைகளிலேயே கற்றவர். மவுண்ட் டெசர்ட் தீவுக்குள் மோட்டார் வாகனம் வரக்கூடாது என்று சில காலம் தடை இருந்தது. ஆனால் காலத்தை யார் தடுக்க முடியும்? 1915-ஆம் ஆண்டுக்குள் தீவு முழுவதும் காருக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன்பே, 1913-ல், இளைய ராக்பெல்லர் தம் சொந்தச் செலவில் குதிரை வண்டிகளுக்கென்றே தனிச் சாலைகள் போடத் தொடங்கிவிட்டார். 1940 வரை வேலை நடந்தது. மொத்தம் 57 மைல். அதில் 45 மைல் இன்று பூங்காவுக்குள் இருக்கிறது. இன்றளவும் கார், பஸ் எதுவும் அவற்றில் செல்ல அனுமதியில்லை. பெட்ரோல் விற்ற குடும்பத்துப் பணத்தில், பெட்ரோல் வண்டி நுழையாத சாலை! இந்த முரணை எண்ணி நான் வியந்தேன்.

எல்லோரும் அவரைப் பாராட்டிவிடவும் இல்லை. காட்டுக்குள் இத்தனை சாலைகள் எதற்கு, தனிமை கெட்டுவிடுமே என்று கோடைவாசிகள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததும் உண்டு. கார்கள் வந்த பிறகு, அவற்றுக்கென்று பூங்காவில் தனிச் சாலை அமைக்கவும் அவரே உதவினார். காரும் குதிரையும் ஒன்றோடொன்று மோதாமல் அவரவர் வழியில் போகட்டும் என்பது அவர் எண்ணம்.

வண்டி புறப்பட்டது

என் மனைவிக்கு முழங்கால் வலி. மலை ஏறுவது நடவாத காரியம். "அப்பா, அம்மாவுக்காகக் குதிரை வண்டியிலே இடம் பதிவு செய்திருக்கிறேன். காரே போகாத மலைக்கு வண்டி போகுமாம்" என்றாள் மகள். குதிரை வண்டி என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனம் ஒரு கணம் சுருங்கியது. ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினேன்.

பூங்காவுக்குள் வைல்ட்வுட் ஸ்டேபிள்ஸ் என்றொரு குதிரை லாயம் இருக்கிறது. அங்கே நான் முதலில் உணர்ந்தது வாசனையைத்தான். ஈரப் புல், சாணம், எண்ணெய் தடவிய தோல்வார், குதிரை வியர்வை இவையெல்லாம் கலந்த அந்த வாசனை அமெரிக்காவிலும் ஒன்றுதான். நம்மூர் ரயிலடியிலும் ஒன்றுதான். நாற்பது ஆண்டுகளாக நான் நுகராத வாசனை அது.

வண்டி நம் ஜட்கா போன்றதன்று. நான்கு சக்கரம், மேலே மூடாத நீண்ட பெட்டி, குறுக்கே வரிசையாகப் பலகை ஆசனங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் அமரலாம். இழுப்பவை இரண்டு குதிரைகள். குதிரைகளா அவை! யானைக் கன்றுகள் என்று சொல்லலாம். ஏர் உழவும் மரம் இழுக்கவும் பழக்கப்பட்ட பெரிய சாதிக் குதிரைகள். ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு அருகில் எடையிருக்கும். குளம்பு ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

ஓட்டியவர் ஓர் இளம்பெண். கல்லூரியில் படிக்கிறாராம், கோடை விடுமுறையில் இந்த வேலை. எங்களை ஏற்றியதும், கனமானவர்கள் ஒரே பக்கம் சேராமல் இருபுறமும் பார்த்து அமர வைத்தார். அதைக் கேட்டதும், "சாமி, கொஞ்சம் முன்னாலே வாங்க, அம்மா, நீங்க பின்னாலே தள்ளிக்குங்க" என்று இன்னொரு குரல் என் காதில் ஒலித்தது.

ஜட்காவில் ஏறியிராத இன்றைய மாணவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் முன்பாரம் அதிகமானால் குதிரையின் முதுகில் அழுத்தும். பின்பாரம் அதிகமானால் வண்டி பின்னே சாய்ந்து, வயிற்றுப் பட்டை குதிரையை மேலே தூக்கும். ஆகவே நல்ல வண்டிக்காரர், ஏறியவர்களை நகர்த்தி நகர்த்திச் சமன் செய்த பிறகே கடிவாளத்தைத் தொடுவார். நம்மூர் ரயில் நிலைய வாசலில் நின்ற ஜட்காக்காரர்களில் இதை மிகக் கவனமாகச் செய்தவர் ஒருவர். அவர் என் தந்தை.

மூச்சை அளந்த சாலை

வண்டி காட்டுக்குள் நுழைந்தது. இருபுறமும் ஸ்புரூஸ், பிர் முதலிய ஊசியிலை மரங்கள். அவற்றின் பிசின் மணம் காற்றில் கலந்திருந்தது. காலைப் பனிமூட்டம் கடலிலிருந்து எழுந்து மரங்களுக்கிடையே தங்கியிருந்தது. குளம்படியோசையும் சக்கரத்தின் கீழே சிறுகற்கள் நெரியும் ஓசையும் தவிர வேறு சத்தமில்லை. முந்தின நாள் காரில் வரும்போது தீவின் கிழக்குப் பகுதியில் வெண்பட்டை கொண்ட பிர்ச் மரங்களை நிறையப் பார்த்திருந்தோம். 1947 அக்டோபரில் மூண்ட பெருந்தீ 17,000 ஏக்கருக்கு மேல் எரித்துவிட, அந்தச் சாம்பலில் பிர்ச்சும் ஆஸ்பென்னும் முளைத்தனவாம்.

அந்தப் பெண் சாலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினாறு அடி அகலம். அடியில் பெரிய கற்கள், அதன்மேல் சிறிய கற்கள், மேலே பொடிக்கல் என மூன்று அடுக்கு. நடுப்பகுதி சற்று மேடாக, இருபுறமும் சரிந்திருக்கும், மழைநீர் நிற்காது. ஓரத்தில் வாய்க்கால், குறுக்கே கல்மதகுகள். கற்களெல்லாம் அத்தீவிலேயே வெட்டியவை. பள்ளமான ஓரங்களில் பெரிய கருங்கற்களை இடைவெளி விட்டு வரிசையாக நட்டிருக்கிறார்கள். 'ராக்பெல்லரின் பற்கள்' என்று அவற்றுக்கு வேடிக்கைப் பெயர். ஓடைகளையும் சாலைகளையும் தாண்ட அவர் செலவில் கட்டிய கற்பாலங்கள் பதினாறு. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. உள்ளே காங்கிரீட், வெளியே உள்ளூர்க் கருங்கல். மறுநாள் மகளும் நானும் நடந்தே போய் இரண்டைப் பார்த்தோம். காடே தன் கல்லை எடுத்துத் தானே கட்டிக்கொண்டது போலிருந்தன.

நாங்கள் ஏறியது டே மலை. அறுநூறு அடிக்கும் குறைவான உயரந்தான். குறுக்கே ஏறினால் விரைவில் உச்சியை அடைந்துவிடலாம். ஆனால் சாலை அப்படிப் போகவில்லை. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஏறுவதே தெரியாமல் ஏறியது. "ஏன் இவ்வளவு சுற்று?" என்று எனக்குப் பக்கத்திலிருந்த ஒருவர் கேட்டார். "குதிரைகளைக் கேட்டுப் பாருங்கள்!" என்றார் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே சொன்னார்: பாரத்தோடு ஏறுகிற குதிரை மூச்சிரைத்துப் போகாத அளவுக்கே சாலையின் ஏற்றம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வளைவுகள். அப்படியும் வழியில் நிறுத்தினார். குதிரைகளின் விலாப்புறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு தணிந்த பிறகுதான் மீண்டும் நகர்ந்தோம்.

என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்கு எங்கள் மேம்பாலம் நினைவுக்கு வந்துவிட்டது.

ரயிலடியிலிருந்து கடைத்தெருவுக்கு வரும் வழியில் உள்ள அந்த மேம்பாலத்தை நீங்கள் தினமும் கடக்கிறீர்கள். மோட்டாரை மனத்தில் வைத்துப் போட்ட ஏற்றம் அது. வெயிலில் தார் இளகும், மழையில் வழுக்கும். எங்கள் ராஜா ஒரு மட்டக்குதிரை. ஏற்றத்தின் அடிவாரம் வந்ததும் அப்பா கீழே குதித்துவிடுவார். ஏறியவர்களை இறங்கச் சொல்ல மாட்டார். காசு கொடுத்தவர்கள் அல்லவா? ஒரு கையால் கடிவாளத்தைப் பிடித்து, மறு கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, குதிரையோடு சேர்ந்து அவரும் இழுப்பார். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறேன். ராஜா இருமுறை அங்கே வழுக்கி விழுந்ததில் அதன் முன்னங்கால் முட்டிகளில் மயிர் முளைக்காத தழும்பு இருந்தது. இறக்கத்திலோ வேறு தொல்லை. எங்கள் வண்டியில் பிரேக் கிடையாது. பாரம் முழுவதும் குதிரையைப் பின்னாலிருந்து நெட்டும். இங்கே டே மலையில் அந்தப் பெண் காலால் பிரேக்கை அழுத்த, குதிரைகள் உல்லாசமாக இறங்கின.

இழுக்கிற உயிரின் மூச்சை அளந்து, அதற்கேற்பச் சாலை போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு சாலை உலகில் இருக்கிறதென்று என் தந்தைக்குத் தெரியாது. அது செல்வரின் பொழுதுபோக்குக் குதிரைக்குப் போட்ட சாலை என்பதை நான் மறக்கவில்லை. எங்கள் குதிரை பிழைப்புக் குதிரை. அதற்கு யார் சாலை போடுவார்? ஆனாலும் சாலை போடுவதற்குமுன் குதிரையை நினைத்துப் பார்த்த ஒரு மனிதரை என்னால் மதிக்காமல் இருக்க முடியவில்லை. தன்னிடமிருந்த ஒரே கருவியான தன் தோளைக் கொண்டு அதையே தினமும் செய்தவர் என் தந்தை. அவரை நான் மதித்தேனா?

ஒரு படிவமும் ஒரு மழை நாளும்

1981-ஆம் ஆண்டு இக்கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்றொரு வரி. எனக்கு முன்னால் நின்றவர்கள் ஆசிரியர், வழக்கறிஞர், நிலக்கிழார் என்று எழுதியிருந்தார்கள். நான் 'வியாபாரம்' என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவில்லை. அதுதான் இன்று என்னைச் சுடுகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, நல்ல மழை. கடைசி மணி அடித்து வெளியே வந்தால், கல்லூரி வாசலில் புங்கமரத்தடியில் எங்கள் வண்டி நிற்கிறது. ராஜாவின் முதுகில் சாக்கைப் போர்த்திவிட்டு அப்பா நனைந்துகொண்டு நிற்கிறார். சவாரி நேரத்தை விட்டுவிட்டு மகனை அழைத்துப் போக வந்திருக்கிறார். என்னோடு நண்பர்கள் நான்கு பேர். நான் திரும்பி, எதையோ மறந்துவிட்டவன் போல நூலகத்துப் பக்கம் போய், பின்வாசல் வழியாக வெளியேறி, மூன்று மைல் மழையில் நடந்து வீடு சேர்ந்தேன்.

அப்பா இருட்டிய பிறகு வந்தார். குதிரையை அவிழ்த்துக் கட்டி, துடைத்துவிட்டு, கொள்ளு வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, "ரொம்ப நனைஞ்சிட்டியா தம்பி?" என்றார். அவ்வளவுதான். நான் திரும்பிப் போனதை அவர் பார்த்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. ஆனால் அதன்பின் ஒரு நாளும் அவர் வண்டி கல்லூரி வாசலுக்கு வரவில்லை. நான் படித்து முடித்து இரண்டு ஆண்டுக்குள் ஆட்டோக்கள் பெருகி, ஜட்காவுக்குச் சவாரி இல்லாமற்போயிற்று. ராஜாவை விற்ற அன்று அப்பா சாப்பிடவில்லை. நான் இங்கே விரிவுரையாளராக வந்த செய்தியைக் கேட்டு மகிழ அவர் இருந்தார். தம் தொழிலை நான் வாய்விட்டுச் சொல்லிக் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மலையுச்சியில்

உச்சியை அடைந்தபோது பனி விலகிவிட்டது. கீழே நீலக்கடல். அதில் பச்சைத் திட்டுகளாகக் கிரான்பெரித் தீவுகள். சிங்கி இறால் பிடிக்கும் படகுகள் வெண்புள்ளிகளாகத் தெரிந்தன. எல்லோரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். அந்தப் பெண் மட்டும் முதலில் குதிரைகளிடம் போனார். கழுத்துப் பட்டைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார், வியர்வையைத் துடைத்தார், காதருகே ஏதோ பேசினார். நான் அங்கேயே நின்றேன்.

"உங்கள் நாட்டில் இப்படி வண்டியில் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"போயிருக்கிறேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் நிறுத்தி வந்தேன். பிறகு சொன்னேன்: "என் தந்தை குதிரை வண்டி ஓட்டியவர். முப்பது ஆண்டுகள் ஓட்டினார். அதில் வந்த பணத்தில்தான் நான் படித்தேன்."

என் மனைவிக்குத் தெரிந்த செய்திதான். என் மகளுக்கு அது புதிது. அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகமோ மலர்ந்துவிட்டது. ஒரு பெரிய மனிதரின் மகனைச் சந்தித்துவிட்டது போல, குதிரைக்கு என்ன தீனி, எத்தனை நாளுக்கொரு முறை லாடம், ஒரு குதிரையா இரண்டா என்று அடுக்கடுக்காகக் கேட்டார். "கிளம்பு என்று சொல்ல உங்கள் தந்தை என்ன சத்தம் கொடுப்பார்?" என்றார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, அப்பா போடுகிற அந்த இரட்டைச் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். இடப்பக்கக் குதிரை காதை என் பக்கம் திருப்பியது. "புரிந்துகொண்டது!" என்று அவர் கைகொட்டிச் சிரித்தார்.

இறங்கி வரும்போது மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தாவைப் பத்தி ஏம்ப்பா இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டாள். பதில் சொல்ல வழி நெடுக நேரம் இருந்தது. மெதுவாகப் போகிற வண்டியில் அது ஒரு வசதி.

மாணவ நண்பர்களே! பல ஆண்டுகள் நான் சேர்க்கைக் குழுவில் இருந்தேன். அந்த ஒரு வரிக்கு வரும்போது சிலருடைய பேனா தயங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறேன். அவர்களிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்கிறேன். உங்களை இந்தப் படிகளில் ஏற்றிவிட யாரோ ஒருவர் வண்டியிலிருந்து கீழே இறங்கிச் சக்கரத்தைத் தள்ளியிருக்கிறார். அவர் தொழிலை உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

1981-ல் நான் எழுதிக் கொடுத்த படிவம் அலுவலகத்தில் இப்போது இருக்குமா என்று தெரியாது. இருந்தாலும் திருத்த முடியாது. ஆகவே இந்த மலரில் திருத்தி எழுதுகிறேன்:

தந்தையின் தொழில்: குதிரை வண்டி ஓட்டுதல்.